சிரங்கு தானே மறைந்த வரலாறு

மாசிலாமணிக்கு டாக்டர் பட்டம் வாங்க வேண்டும் என்ற ஆசை ஒருநாளும் இருந்ததில்லை. அவருக்கு இருந்த ஆசையெல்லாம் ஒரு களிம்பைப் பற்றியது.

விழுப்புரத்தை அடுத்த காணை ஊர்ப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை அவர். சென்னையில் மருந்தியல் படித்துவிட்டு, விழுப்புரத்தில் ஒரு சிறிய அரசாங்க மருந்தகத்தில் மருந்து கலக்கும் வேலையில் சேர்ந்திருந்தார். படிப்பைப் பற்றி ஊருக்கு அக்கறை இல்லை. கம்பவுண்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். கரும்பு வெட்டுகிறவர்களும் ரயில்வே கலாசிக் கூலிகளும் விரல் இடுக்கெல்லாம் சிரங்கோடு வந்து நிற்பார்கள். மேலிடத்திலிருந்து வரும் களிம்பு முதல் வாரத்திலேயே தீர்ந்துவிடும். ஆகவே மாசிலாமணி குப்பைமேனி இலையை இடித்துச் சாறெடுத்து, புங்க எண்ணெயில் காய்ச்சி, தேன்மெழுகு சேர்த்துத் தாமே ஒரு களிம்பு செய்து கொடுத்தார். பத்துப் பதினைந்து நாளில் சிரங்கு காய்ந்து உதிர்ந்தது.

1958-இல் மருந்தகத்தைப் பார்வையிட வந்த ஒரு மேலதிகாரி அந்த டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"இது கேக்குதா?"

"நல்லா கேக்குதுங்க."

"கேக்குதுன்னு நிரூபிச்சாச்சா?"

"போட்டுக்கினவங்க எல்லாருக்கும் சொஸ்தமாயிடுச்சிங்க."

"அது குணம். நான் கேக்கறது நிரூபணம்" என்றார் அதிகாரி. இரண்டும் வேறு வேறு என்று மாசிலாமணிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

திண்டிவனத்தில் புதிதாக மருந்தியல் ஆய்வு நிலையம் ஒன்று திறந்திருக்கிறார்கள், அங்கே டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொண்டு நிரூபித்துவிட்டால், ஜில்லா முழுக்க எல்லா மருந்தகங்களுக்கும் இந்தக் களிம்பு போகும் என்று அதிகாரி வழி சொன்னார். மாசிலாமணி அன்று மாலையே மனைவி தையல்நாயகியிடம் சொன்னார். அவள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா.

"எத்தினி நாளு ஆவுங்க?"

"ரெண்டு வருசம். களிம்பு ஏற்கெனவே இருக்குது. நிரூபிக்க வேண்டியதுதான் பாக்கி."

"இருக்கறத நிரூபிக்க ரெண்டு வருசமா?" என்றாள் தையல்நாயகி. வாத்தியாரம்மாவுக்கு ஆராய்ச்சியைப் பற்றித் தெரியாது.

நிலையம் ஒரு பழைய எண்ணெய் மில் கட்டடத்தில் இருந்தது. அதில் ஓர் இயக்குநர், ஒரு துணை இயக்குநர், மூன்று சூப்பிரண்டுகள், ஒரு ஸ்டோர் கீப்பர், தமிழுக்கு ஒன்றும் இங்கிலீஷுக்கு ஒன்றுமாக இரண்டு டைப்பிஸ்டுகள் இருந்தார்கள். ஆராய்ச்சி செய்கிறவர் என்று மாசிலாமணி போய்ச் சேரும்வரை ஒருவரும் இல்லை. அதனால் வேலைகள் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தன.

இயக்குநர் டாக்டர் விருத்தாசலம் சித்திரை வெயிலிலும் கோட்டு போட்டிருப்பார். அவரே மாசிலாமணிக்குக் கைடு. முதல் நாள் எதிரே நிற்க வைத்து முக்கால் மணி நேரம் பேசினார்.

"மிஸ்டர் மாசிலாமணி, ஆராய்ச்சிக்கு முதல் எதிரி அவசரம். என்னையே எடுத்துக்குங்க. இந்தத் துறையில முப்பது வருஷம். இதுவரைக்கும் ஒரு மருந்து கண்டுபிடிச்சேன்னு யாராவது என் மேல விரல் நீட்ட முடியுமா? முடியாது. கண்டுபிடிக்கிறவன் தப்பு பண்றான். நான் ஒரு தப்பும் பண்ணாமத்தான் இந்த நாற்காலிக்கு வந்தேன்."

மாசிலாமணி தலையாட்டினார். பெரியவர்கள் பேச்சில் ஏதாவது உள்ளர்த்தம் இருக்கும் என்று எண்ணி, விழுப்புரம் திரும்பும் ரயிலில் விக்கிரவாண்டிவரை அதைத் தேடிப் பார்த்தார். அகப்படவில்லை.

முதலில் தலைப்புக் குழு கூடியது. சென்னையிலிருந்து வந்த பேராசிரியர் கோதண்டபாணி அதற்குத் தலைவர். 'குப்பைமேனிக் களிம்பால் சிரங்கு குணமாதல்' என்று மாசிலாமணி எழுதிக் கொடுத்திருந்த தாளை அவர் விரல் நுனியில் பிடித்துத் தூக்கினார்.

"டாக்டர் பட்டத்துல குப்பை வரலாமா? பட்டமளிப்பு விழாவில இதை ஒரு பெரிய மனுஷர் வாயால படிக்கணும், யோசிச்சீங்களா?"

குப்பையை எடுத்துவிட்டால் மேனி நிற்கிறது, அது பெண்களை வர்ணிக்கும் சொல், ஆகவே இன்னும் ஆபாசம் என்றார் இரண்டாவது உறுப்பினர். மூன்றாமவருக்குச் சிரங்குதான் இடித்தது. இந்த ஜில்லாவில் சிரங்கு ஒழிந்துவிட்டதாகப் போன வருஷமே அறிக்கை போயிருக்கிறது, இப்போது அதைக் குணமாக்கினால் அறிக்கை பொய் என்று ஆகாதா என்று கேட்டார். 'குணமாதல்' என்ற சொல் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது என்று விருத்தாசலம் அதையும் அடித்தார். தாளில் மிஞ்சியது மாசிலாமணியின் கையெழுத்து மட்டும்.

ஒரு வருஷம் நாலு மாதம் கழித்துத் தலைப்பு முடிவாயிற்று: 'ஒரு தாவரத்தின் ஒரு பாகம் ஒரு வகைத் தோல்நிலையில் ஏற்படுத்தக்கூடிய விளைவை அணுகுவதற்கான முதற்கட்ட முயற்சி.' யாருக்கும் இதில் ஆட்சேபம் இல்லை. எதைப் பற்றியது என்று யாருக்கும் தெரியாததால் ஆட்சேபிக்க வழியும் இல்லை.

பிறகு இலை. நிலையத்தின் காம்பவுண்டு முழுக்கக் குப்பைமேனி மண்டிக் கிடந்தது. ஜன்னல் வழியாகக் கையை நீட்டினால் பறிக்கலாம். மாசிலாமணி ஒருநாள் ஒரு கைப்பிடி பறித்துவிட்டார். ஸ்டோர் கீப்பர் முருகையன் பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"சார், சார்! இன்னா பண்றீங்க? அங்கீகாரம் பெற்ற சப்ளையர் குடுத்த இலையத்தான் தொடணும். இது புல்லுங்க. ரெக்கார்டுல இது இலையே இல்ல."

அங்கீகாரம் பெற்ற சப்ளையர் சென்னையில் இருந்தார். அவருக்குக் குப்பைமேனி எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை. விசாரித்துத் திண்டிவனத்தில் கிடைக்கிறது என்று கண்டுபிடித்தார். நிலையத்துத் தோட்டக்காரனே காம்பவுண்டில் பறித்து மூட்டை கட்டிச் சென்னைக்கு ரயிலில் அனுப்ப, அது அங்கே முத்திரை குத்தப்பட்டு மறு ரயிலில் திண்டிவனம் வந்து சேர்ந்தது. போய் வந்ததில் அழுகிவிட்டது. ஆறாவது மூட்டைதான் பாதியாவது பச்சையாக வந்தது. அதற்குள் இன்னும் இரண்டு வருஷம் போயிருந்தது.

நிறுப்பதற்கு ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு தராசு இருந்தது, கண்ணாடி அலமாரிக்குள். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்க மட்டும் வெளியே எடுப்பார்கள். "அதைத் தொட்டுக் கெடுத்துட்டீங்கன்னா அப்புறம் இந்த நிலையத்துல என்ன இருக்கு?" என்று விருத்தாசலம் கேட்டார். நியாயமான கேள்வி. மாசிலாமணி கடைத்தெருப் பத்தரிடம் போய் நகை நிறுக்கும் தராசில் நிறுத்துக்கொண்டு வந்தார்.

1963-இல் ஒருவழியாக மருந்தை ஆள்மேல் போட்டுப் பார்க்க அனுமதி வந்தது. திண்டிவனம் மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை உரிக்கிற பெண்கள் நாற்பது பேருக்குச் சிரங்கு இருந்தது. இருபது பேருக்குக் களிம்பு போட வேண்டும், இருபது பேருக்குப் போடக்கூடாது, ஆறு வாரம் கழித்து ஒப்பிட வேண்டும். மண்டிக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் மாசிலாமணி களிம்பு காய்ச்சினார். இலை இடித்துக் கொடுத்தவர்கள் அந்த நாற்பது பேரில் இருந்த வீரம்மாளும் முனியம்மாளும். சீட்டுப் போட்டதில் முனியம்மாளுக்கு மருந்து விழுந்தது. வீரம்மாளுக்கு விழவில்லை.

ஆறு வாரத்தில் மருந்து போட்ட இருபது பேரில் பத்தொன்பது பேருக்குச் சுத்தமாகக் குணம், மீதி ஒருத்திக்கும் காயத் தொடங்கியிருந்தது. மாசிலாமணி கணக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்று இரவு சாப்பாட்டில் உப்பு இல்லாததுகூட அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் இயக்குநரின் மேஜைமேல் தாளை வைத்து, "அய்யா, மத்த இருபது பேருக்கும் இன்னிக்கே போட்டுடட்டுங்களா?" என்று கேட்டார்.

விருத்தாசலம் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "போடறதா? ஆய்வுக் குழு வந்து நேர்ல பாக்க வேண்டாமா? மருந்து போடாதவங்களுக்குச் சிரங்கு இருந்தாத்தானே போட்டவங்களுக்குப் போனதுக்கு அர்த்தம்? அந்த இருபது பேர் சிரங்கும் இப்ப நிலையத்தோட சொத்து, மிஸ்டர் மாசிலாமணி. குழு வர்ற வரைக்கும் அதுக்கு ஒரு சேதமும் வராம பாத்துக்கிறது உங்க பொறுப்பு."

அதையே எழுத்திலும் கொடுத்தார். 'மேற்படி சிரங்கைத் தற்போதுள்ள நிலையிலேயே பாதுகாக்கவும்.'

முதல் தேதிக்குக் குழு வரவில்லை. அதற்கும் கோதண்டபாணியே தலைவர்; அவருடைய கார் ரிப்பேர். இரண்டாவது தேதியில் உறுப்பினர் ஒருவர், ஆராய்ச்சியில் ஏற்படும் தாமதங்கள் குறித்த மாநாட்டுக்கு டெல்லி போயிருந்தார். மாநாடு நீட்டிக்கப்பட்டது. மூன்றாவது தேதி பறிபோனதற்குக் காரணமே சொல்லவில்லை. பதினோரு மாதம் ஓடியது. மாசிலாமணி வாரம் ஒருமுறை மண்டிக்குப் போய், பாதுகாக்க வேண்டிய சிரங்கு பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

ஒருநாள் வீரம்மாள் வழியை மறித்துக்கொண்டு நின்றாள். இடுப்பில் கைக்குழந்தை. விரலிடுக்கெல்லாம் புண்.

"கம்பவுண்டரே, முனியம்மாளுக்கு மருந்து குடுத்த, போயிடுச்சி. எனுக்கு மட்டும் இன்னா?"

"நீ ரெண்டாவது குரூப்பு வீரம்மா. போடாம இருந்தா இன்னா ஆவுதுன்னு பாக்கணும்."

"பாத்தாச்சி இல்ல? சொறிஞ்சிக்கினே கீறேன். இன்னும் இன்னாத்த பாக்கணும்?"

"மெட்ராஸ்லேர்ந்து பெரியவங்க வந்து பாக்கணும்."

"நான் சொறியறதப் பாக்கவா மெட்ராஸ்லேர்ந்து வர்றாங்க?" வீரம்மாள் குழந்தையின் கையைத் தூக்கிக் காட்டினாள். முத்து முத்தாகக் கொப்புளம். "இதுக்கும் ஒட்டிக்கிச்சி. ராவெல்லாம் கத்துது, பால் குடிக்க மாட்டேங்குது. இது எந்த குரூப்பு, சொல்லு?"

மாசிலாமணியின் பையில் களிம்பு டப்பா இருந்தது. இயக்குநரின் கடிதமும் இருந்தது. கை பைக்குள் போயிற்று. கடிதம் விரலில் பட்டது. வெறுங்கையாக வெளியே வந்தது. "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்க" என்று முணுமுணுத்துவிட்டு வேகமாக நடந்தார். ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது தம் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆறு வருஷத்துக்கு முன்பு விழுப்புரத்தில் யார் வந்து நின்றாலும் யோசிக்காமல் டப்பாவைத் திறந்த கை அது.

குழு 1964 ஆடி மாதம் இரண்டு கார்களில் வந்து இறங்கியது. மருந்து போட்ட இருபது பெண்களை வலப்புறமும், போடாத இருபது பெண்களை இடப்புறமும் நிற்க வைத்தார்கள். கோதண்டபாணி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வலப்பக்க வரிசையைப் பார்த்துக்கொண்டே போனார். சிரங்கு இல்லை. இடப்பக்கம் திரும்பினார். அங்கேயும் இல்லை. ஒரு விரலிடுக்கில்கூட இல்லை.

மாசிலாமணியும் அப்போதுதான் அந்தக் கைகளைப் பார்த்தார். வீரம்மாள் வழிமறித்த நாளிலிருந்து அவர் யாருடைய கையையும் பார்க்கவில்லை; பார்க்கக் கூசி வாராவாரம் தொலைவிலேயே தலையை எண்ணிக்கொண்டு திரும்பியிருந்தார்.

"ரொம்ப சுவாரசியம்" என்றார் கோதண்டபாணி. "மருந்து போட்டவங்களுக்கும் குணம், போடாதவங்களுக்கும் குணம். அப்படின்னா மருந்தால ஒரு பிரயோஜனமும் இல்லைன்னு தெளிவாயிடுச்சு."

"பிரயோஜனம் இல்லியா?" வரிசையிலிருந்து வீரம்மாள் வெளியே வந்தாள். "நாங்களும் அதே மருந்தத்தான்யா போட்டுக்கினோம். இலைய இடிச்சி குடுத்தவளே நான். காய்ச்சத் தெரியாதா? ஏரிக்கரைல பறிச்சி, எண்ணெயில காய்ச்சி, இருபது பேரும் போட்டுக்கினோம். பத்தே நாள்ல போயிடுச்சி."

கோதண்டபாணி பதிவேட்டைப் புரட்டினார். "பேர் வீரம்மாள். இரண்டாம் குழு. உனக்கு மருந்து கொடுக்கப்படலைன்னு ரெக்கார்டுல இருக்கேம்மா."

"ரெக்கார்டுக்கா சிரங்கு வந்துது? எனுக்கில்ல வந்துது!"

"அதெல்லாம் ஆதாரம் ஆகாது" என்றார் கோதண்டபாணி பொறுமையாக. "ரெக்கார்டில் இல்லாத மருந்தால் ஒருத்தருக்குக் குணமாக முடியாது."

பெண்கள் சிரித்தார்கள். வீரம்மாளின் இடுப்பிலிருந்த குழந்தைகூடச் சிரித்தது. அதன் கை பளிங்குபோல இருந்தது. அதைப் பார்த்ததும் மாசிலாமணிக்கு நிம்மதியாயிற்று. அடுத்த நிமிஷமே, ஆறு வருஷம் போயிற்றே என்ற திகிலும் வந்தது.

மறுநாள் விருத்தாசலம் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். "வேற இருபது பேரைப் பிடிச்சுத் திரும்பவும் பண்ணணும்."

"பக்கத்துல எங்கயும் சிரங்கு இல்லீங்க. அந்த அம்மா கலக்கிக் குடுத்து வானூர் வரைக்கும் போயிடுச்சி."

"இல்லைன்னா என்ன? ஒரே ஒரு கேஸ் கொண்டு வாங்க. பத்து நாள் ஒரே பாயில படுக்க வெச்சா இருபது ஆயிடும். கிராமத்து ஜனங்க, பெருசா எடுத்துக்க மாட்டாங்க."

மாசிலாமணி அந்த நிலையத்தில் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். "அத மட்டும் நான் செய்ய மாட்டேங்க. பட்டம் போனா போவட்டும்."

போகட்டும் என்று விட்டிருப்பார்கள். ஆனால் மூன்றாம் ஐந்தாண்டுத் திட்டம் 1966 மார்ச்சோடு முடிகிறது, அதற்குள் நிலையம் ஒரு டாக்டரையாவது உண்டாக்கவில்லை என்றால் இழுத்துப் பூட்டிவிடுவோம் என்று மேலிடத்திலிருந்து ஓலை வந்தது. இருந்த ஒரே ஆராய்ச்சியாளர் மாசிலாமணி. திடீரென்று எல்லாரும் அவரை உட்காரச் சொன்னார்கள். முருகையன் காப்பி வாங்கி வந்தார். எட்டு வருஷமாகத் தூங்கிய நிலையத்தில் டைப்பிஸ்டுகள் ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்தார்கள். ஆய்வேடு தயாராகி அவர் முன்னால் வைக்கப்பட்டது. அதன் புதிய தலைப்பு: 'திண்டிவனம் வட்டாரத்தில் சிரங்கு தானாகவே மறைதல்.'

"உங்க களிம்பு வேலை செய்யலைன்னு நீங்களே நிரூபிச்சிருக்கீங்க. அதுவும் நிரூபணம்தானே?" என்றார் விருத்தாசலம். "கையெழுத்துதான் பாக்கி."

மாசிலாமணி அந்த ஆய்வேட்டை வீட்டுக்கு எடுத்துப் போனார். தையல்நாயகி பள்ளிக்கூட நோட்டுகளை ஒதுக்கிவிட்டு அதைக் கடைசிவரை படித்தாள்.

"எல்லாம் பொய்யின்னு இதுல எங்கயும் எழுதலியேங்க."

"பொய்தான்."

"தெரியுது." ஆய்வேட்டை மூடி அவர் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னாள்: "எட்டு வருசமா விடியக்காலம் ரயிலப் புடிக்க ஓடறீங்க. வர்றவங்க போறவங்க எல்லாம் முடிஞ்சிதா முடிஞ்சிதான்னு என்னக் கேக்கறாங்க. எனுக்கு பதில் சொல்லி மாளல. நீங்க இன்னா பண்ணாலும் சரி. ஆனா முடிச்சிடுங்க."

அவர் கையெழுத்துப் போட்டார். வீரம்மாளிடம் அன்று டப்பாவைத் திறக்காததைவிட இது ஒன்றும் பெரிய குற்றமில்லை என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

வாய்மொழித் தேர்வு பதினைந்து நிமிஷம் நடந்தது. அதில் பத்து நிமிஷம் கோதண்டபாணி பேசினார். தம் மருந்து பயனற்றது என்று தாமே அறிவிக்கும் நேர்மை இந்தக் காலத்தில் யாருக்கு வரும் என்று கேட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். வெளியே வந்ததும் அவர் மாசிலாமணியைத் தூணோரம் தனியாக அழைத்துப் போனார். "டாக்டர் மாசிலாமணி, என் மாப்பிள்ளை வீட்டுல எல்லாருக்கும் கையெல்லாம் ஒரே அரிப்பு. அந்தக் களிம்பு ரெண்டு டப்பா கிடைக்குமா? யாருக்கும் தெரிய வேண்டாம்."

மாசிலாமணி இரண்டு டப்பா கொடுத்தார். அவருக்கு டாக்டர் என்ற அடைமொழியும், நிலையத்துக்கு நான்காம் திட்டத்திலும் உயிரும் கிடைத்தன. அவர் விழுப்புரம் மருந்தகத்துக்குத் திரும்பி வந்துவிட்டார்.

அடுத்த வருஷம் தை மாதத்தில் முனியம்மாள் விழுப்புரத்துக்கே ஓடி வந்தாள். "கம்பவுண்டரே, ஜல்தி வா. வீரம்மாள ஜீப்புல வந்து புடிச்சிக்கினாங்க."

அவர் போனபோது மண்டிக் கொட்டகையில் மருந்து இன்ஸ்பெக்டர் ஒருவர், இளவயசுக்காரர், களிம்புச் சட்டிகளுக்குச் சீல் வைத்துக்கொண்டிருந்தார். காணை, வானூர், இரும்பை என்று பல ஊர்களிலிருந்து களிம்பு வாங்க வந்தவர்கள் சுற்றிலும் நின்றார்கள். பயனற்ற மருந்தைக் கொடுத்து மக்களை ஏமாற்றுவதாக வீரம்மாள் மேல் புகார்.

"பயனில்லைன்னு யாரு சொன்னது?" என்று மாசிலாமணி கேட்டார்.

"பெரிய ஆராய்ச்சியே நடந்திருக்கு சார். டாக்டர் மாசிலாமணின்னு ஒருத்தர் எட்டு வருஷம் பாடுபட்டு நிரூபிச்சிருக்கார். புஸ்தகம் என் கையில இருக்கு."

"அந்த ஆள எனக்குத் தெரியும். அவன் எழுதினது பொய்."

"அவ்வளவு பெரியவரைப் பத்தி அப்படிப் பேசாதீங்க. நீங்க யாரு?"

"மாசிலாமணி."

இன்ஸ்பெக்டர் சட்டென்று தொப்பியைக் கழற்றினார். முகமெல்லாம் மரியாதை. "சார்! நீங்களே இந்தம்மாவுக்கு எடுத்துச் சொல்லுங்க, இதுல ஒண்ணுமில்லைன்னு."

கூட்டம் முழுக்க அவரையே பார்த்தது. மாசிலாமணி எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "இந்த மருந்து கேக்கும். கேக்கும்னு தெரிஞ்சிக்கினே கேக்காதுன்னு கையெழுத்துப் போட்டேன். தப்பு என்னுது. சட்டிய வுட்டுடுங்க."

இன்ஸ்பெக்டர் புத்தகத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பாவம், அவருக்கும் சட்டம் தெரிந்திருந்தது. "சார், எழுத்துல நிரூபிச்சதை வாயால மறுத்தா செல்லாது. நீங்க சொல்றது நிஜம்னா, அதை நீங்க நிரூபிக்கணும். திண்டிவனத்துல ஒரு நிலையம் இருக்கு. இன்னொரு டாக்டர் பட்டத்துக்குப் பதிவு பண்ணிக்குங்க. அது வர்ற வரைக்கும் இந்தச் சட்டி அரசாங்கச் சட்டி." புகாரை எச்சரிக்கையோடு முடித்துக்கொண்டு, ஆறு சட்டிகளையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, மாசிலாமணிக்கு ஒரு சலாமும் வைத்துவிட்டுப் போனார்.

புழுதி அடங்கியது. களிம்புக்கு வந்தவர்கள் போகவில்லை, அப்படியே நின்றார்கள். மாசிலாமணி சட்டையைக் கழற்றி மூங்கிலில் மாட்டிவிட்டு, மூலையில் மிஞ்சிக் கிடந்த வெறுஞ்சட்டியை அடுப்பில் ஏற்றிக் கரண்டியை எடுத்தார்.

வீரம்மாள் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நீ ஏரிக்கரைக்குப் போயி இலைய மட்டும் பறிச்சிக்கினு வா கம்பவுண்டரே. கலக்கறத நான் பாத்துக்கறேன்."

மாசிலாமணி கூடையை எடுத்துக்கொண்டு நடந்தார். இத்தனை ஆண்டுகளில் அவருக்குக் கிடைத்த முதல் தெளிவான உத்தரவு அது.